ஹம்னா அனுப்பும் போட்டோக்கள்

ஹம்னா அத்தாவுக்கு ஸலாம்.

போனில் பேசினால் நம் மகள் காதில் விழும். அதனால் இதை எழுதி, இன்று துபாய்க்குத் திரும்பும் உங்கள் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காலேஜ் தோழிகளோடு ஓட்டலில் பிரியாணி, ஷவர்மா சாப்பிடுவதாக அவள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள். நானும் நம்பினேன். நேற்று உப்பளத்துப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் ரோட்டிலேயே மயங்கி விழுந்தாள். கூட வந்த ரேணுகா அழுதுகொண்டே சொன்னாள்: "கடையை அவதான் செலக்ட் பண்ணுவா ஆன்ட்டி. போட்டோ எடுத்துட்டு எல்லாத்தையும் எங்ககிட்ட தள்ளிடுவா. ஒரு வாய் வைக்க மாட்டா."

இதயம் பலவீனமாகிவிட்டது என்கிறார் டாக்டர். கஞ்சியைக்கூடத் துப்புகிறாள்.

பெருநாளுக்கு வந்தபோது, "என்னம்மா, குண்டாயிட்டே!" என்று அவளைப் பார்த்து நீங்கள் சிரித்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

உடனே வாருங்கள். அவளைப் பார்த்ததும் "இளைச்சுட்டியே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் பட்டினி கிடக்கிறாள்.

வழி பார்த்திருக்கும்,
அவள் அம்மா