தொண்டைக்கு லீவு இல்லை

கான்சோ, ஜனவரி 14

என் அப்பாவுக்கு,

ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்கள் விட்டுப்போன தொண்டைப் புற்றுநோய்க் கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டேன். சாப்பாடு நேரே வயிற்றுக்குள் இறங்க வைக்கும் குழாய் வேண்டாம் என்றீர்களாம். “நான் என்ன டீசல் டேங்கா, குழாய் வச்சு நிரப்ப?” என்று கேட்டதாக அம்மா சொன்னாள். சிரிப்பு வந்தது, அப்புறம் பயம். பதினொரு கிலோ குறைந்துவிட்டீர்கள். இன்னும் இளைத்தால் கதிர்வீச்சுக்குப் போடும் முகமூடி தொளதொளத்துவிடும். புதிதாக அச்செடுக்கும்வரை சிகிச்சை நிற்குமாம். குழாயை வைத்துக்கொள்ளுங்கள் அப்பா.

லோர்னா


ஹாலிஃபாக்ஸ், ஜனவரி 25

வாத்தியாரம்மா,

பேசினால் தொண்டை எரிகிறது, அதனால்தான் எழுத்து. குழாய் வைத்தாயிற்று. இரண்டு நாள் வலி, இப்போது சுகம். ஹாக்கி பார்த்துக்கொண்டே பால் இறங்கிவிடுகிறது. எடை நின்றுவிட்டது. ஒரு வாரமாக நான் எதையும் விழுங்கவில்லை. தொண்டைக்கு லீவு விட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில் எவரெட், “ராஜா மாதிரி இருக்கய்யா, மெல்லுற வேலைகூட இல்ல” என்கிறார்.

அப்பா


கான்சோ, ஜனவரி 30

அப்பா,

அந்த லீவை உடனே ரத்து செய்யுங்கள். கையேட்டில் பக்கம் 31: குழாய் இருந்தாலும் தினமும் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டைத் தசை வேலையை மறந்துவிடும். அப்புறம் குழாயை எடுக்கவே முடியாமல் போகலாம். பனிக்காலத்தில் கடலுக்குப் போகாவிட்டாலும் வாரம் ஒருமுறை படகு இன்ஜினைக் கிளப்புகிறீர்களே, எதற்கு? விழுங்கும் பயிற்சி தருகிற அம்மாளிடம் கேட்டு, அவர் சொல்கிற அளவு தண்ணீர் குடியுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் அங்கே இருப்பாள்.

கோபத்துடனும் அன்புடனும்,
லோர்னா


ஹாலிஃபாக்ஸ், பிப்ரவரி 19

லோர்னா,

அந்த அம்மாளிடம் போனேன். நீ திட்டியதையே அவரும் திட்டினார், கொஞ்சம் மரியாதையாக. முதல் கரண்டி தண்ணீர் மீன்முள் மாதிரி கிழித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. எவரெட் ஒரு நாள்கூட விடவில்லை. “ம், இன்னொண்ணு, பொண்ணுக்கு நான்ல பதில் சொல்லணும்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

நேற்றோடு கதிர்வீச்சு முடிந்தது. குழாய் இன்னும் சில வாரம் இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று காலை அரைக் குவளை வெந்நீர், பன்னிரண்டு மடக்கு. கடைசி இரண்டும் வலிக்கவில்லை. எவரெட் தூங்குகிறார். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பா