பத்திரிகை இல்லாமல் வந்தவர்களுக்கும் கேக்

என் அன்பு அண்ணிக்கு,

ஜென்சியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகள் இப்போது புதுப்பட்டினத்தில், மாமியார் வீட்டில் இருக்கிறாள். கேளம்பாக்கத்தில் நாம் இருவரும் எத்தனையோ கல்யாணங்களுக்குக் கேக் செய்து கொடுத்திருக்கிறோம். ஆனால் எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற கணக்கை எப்போதும் நீங்கள்தான் போடுவீர்கள். இந்த முறை நான் போட வேண்டியதாயிற்று.

முந்நூறு பத்திரிகை. பத்திரிகைக்கு இரண்டு பேர் என்றாலும் பிரியாணி சாப்பிட்டபின் பாதிப்பேர் கேக் பக்கம் திரும்ப மாட்டார்கள். பிள்ளைகள் மட்டும் இரண்டு தடவை வருவார்கள். நானூறு துண்டு போதும் என்று நினைத்தேன். கிலோவுக்கு இருபது துண்டு என்றால் இருபது கிலோ. சரிதானே அண்ணி?

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா கணக்கு போடுற செல்வி? உங்கண்ணி சாவுக்கு வந்தவங்களுக்கு யார்னா பத்திரிகை வச்சாங்களா? அத்தினி பேரும் வருவாங்க பாரு" என்றது.

துக்கத்துக்கு வருவது வேறு, கல்யாணத்துக்கு வருவது வேறு என்றேன். அதன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து கிலோ சேர்த்தேன். மேடைக்கு மூன்றடுக்கு, மீதியெல்லாம் தட்டுக் கேக்.

வந்தார்கள் அண்ணி. மீன் விற்கிற பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். படூரில் உங்களிடம் பிறந்தநாள் கேக் வாங்கியவர்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள். பந்தி பாதியில் இருக்கும்போதே தட்டுக் கேக் தீர்ந்துவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஜென்சி மேடையிலிருந்து கவனித்துவிட்டு இறங்கி வந்தாள். "இன்னா அத்தே, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"கேக்கு தீந்துபோச்சுடி. இன்னும் அவ்ளோ பேரு கீறாங்க."

"மேடையில கீதே, அத்த அறு."

பக்கத்தில் நின்ற அவள் மாமியார் பதறிவிட்டார். "மேல் அடுக்கு நீங்க ரெண்டு பேரும் வச்சி சாப்புடறதும்மா. அதுல கை வெக்கக் கூடாது."

"இவங்கல்லாம் எங்கம்மாவுக்காக வந்தவங்க ஆன்ட்டி. இல்லனு எப்டி சொல்றது?"

அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "கத்திய இங்க குடு செல்வி. நான் மெல்லிசா அறுக்கறேன்."

மூன்றடுக்கும் போயிற்று. துண்டுகள் விரலளவுதான். யாரும் குறை சொல்லவில்லை. கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது கிரீம் ஒட்டிய அட்டை மட்டும். ஜென்சி ஒரு பக்கம் வழித்துச் சாப்பிட்டாள், இன்னொரு பக்கம் அவள் மாமியார். அப்போதுதான் எனக்கு உங்கள் மகளைப் பற்றிய பயம் போயிற்று.

இப்போது அண்ணன் மட்டும் தனி. கல்யாணத்துக்கு மறுநாள் போனபோது, கூடத்தில் டிவியை ஓடவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. "சாப்டியா?" என்றேன். "பசிக்கல" என்றது. உங்களிடமும் இப்படித்தான் சொல்லுமா?

என் வீட்டிலிருந்த ஓவனை நேற்று உங்கள் சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டேன். இனி ஆர்டரெல்லாம் இங்கிருந்துதான். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்று முனகிக்கொண்டே பிளக் மாட்டிக் கொடுத்தது அண்ணன்தான். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கியது.

அண்ணனைத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன் அண்ணி. இது என் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
செல்வி