உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது.

வார்டு வாசலில் இருக்கும் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதாம். நான் போட்ட சத்தத்தில் மாடி நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், உனக்கும் கேட்டிருக்கும். அதனால்தான் வார்டு ஆயா கையில் இந்தக் கடிதம். உன் போனைத்தான் உன் புருஷன் சுவரில் அடித்துச் சுக்குநூறாக்கிவிட்டானே. போன் இருந்தாலும் உன்னால் பேச முடியாது. நாளை தாடையில் அறுவை சிகிச்சை முடிந்ததும் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவார்களாம். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கே சொல்லும் என் ஒலிபெருக்கிக்கு இப்படி ஒரு கதி.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரம்மாவிடம் சொன்னாயாமே. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குளியலறைக்குக் கை முளைச்சு ரெண்டு பக்கமும் அடிச்சுதா?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. என் பிள்ளை அடித்தான் என்று சொன்னேன். முதலில் வெறும் கையால், பிறகு லாரிச் சாவிக்கொத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு. சாப்பாடு ஆறிப்போயிருந்ததாம், அதற்கு. குறுக்கே வந்த என்னையும் பிடித்து அலமாரி மேல் தள்ளினான். எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, லாரியை எடுத்துக்கொண்டு வெளியூர்ச் சரக்குக்குப் போய்விட்டான். திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கம்பி கட்டியிருக்கும் வரை நீ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. நம் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, ஆபத்து என்றால் வந்து சேர முடியாது. இது அவர் சொல்லும் காரணம். வீட்டில் இருந்தால் அவன் வந்துவிடுவான் என்பது என் காரணம்.

இன்று மூன்று இடம் பார்த்தேன். முதலாவது, எதிரே இருக்கும் லாட்ஜ். மேனேஜர் பல் குத்திக்கொண்டே, "கூட ஆம்பள யாரும் இல்லியா?" என்றான். "ஒரு ஆம்பள இருந்ததாலதான்யா ரூம் தேடறேன்" என்றேன். தாழ்ப்பாளைச் சோதித்துப் பார்க்கத் தோளால் ஒரு இடி இடித்தேன், பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். கன்னத்தில் ஒன்று விட்டேன். தப்புதான். என்ன செய்வது, கை முந்திக்கொண்டது.

இரண்டாவது, ஆஸ்பத்திரியே நடத்தும் கூடம். வரிசையாகப் பாய்கள், கதவே கிடையாது. மூன்றாவது, பின்சந்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரின் வீட்டு மாடி. படி செங்குத்து. எதிரே வண்டிப் பட்டறை, பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம். ஆனால் அறைக் கதவில் பார்க்கும் துளை இருக்கிறது, உள்பக்கத் தாழ்ப்பாள் என் கட்டை விரல் தடிமன். ஜன்னலுக்குத் திரை இல்லை, அதை நான் தைத்துவிடுவேன். பிறகு நான் எதற்குத்தான் திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறேன்?

எது சரி என்று எழுது. பயப்படாதே.

உன் அத்தை


மார்ச் 8

அன்புள்ள அத்தைக்கு,

பிழைத்துக்கொண்டேன். தாடையில் இரண்டு இடத்தில் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். கண்ணாடி கேட்டேன், நர்ஸ் தர மறுத்துவிட்டார். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். உறிஞ்சு குழாயில் வருவதுதான் சாப்பாடு. தலைமாட்டில் ஒரு சின்னக் கம்பிவெட்டி வைத்திருக்கிறார்கள். வாந்தி வந்தால் உடனே பல்லுக்கு நடுவில் உள்ள கம்பிகளை வெட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் மூச்சடைத்துவிடும். கூட இருப்பவருக்கும் சொல்லித் தருவார்களாம். நாளை வாருங்கள், காவலாளியை அடிக்காமல்.

அண்ணன் வந்திருந்தான். வாய் கட்டியவளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. "மாப்பிள்ளை ஏதோ கோவத்துல கை நீட்டிட்டாரு. நீயும் கொஞ்சம் வாயை அடக்கணும்" என்றான். அவனுடைய நண்பன் லாட்ஜ் வைத்திருக்கிறானாம். அங்கே அறை எடுத்துத் தருகிறானாம், லாரி திரும்பியதும் அவரையும் அங்கேயே வந்து தங்கச் சொல்கிறானாம். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நாலு நாள் இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறான். கூடப் பிறந்தவன். அவன் போன பிறகு வெகுநேரம் அழுதேன். அழுதால் மூக்கடைத்துக்கொள்கிறது, வாயால் மூச்சு விடவும் முடியாது. அழுவதற்குக்கூட வழியில்லை, அத்தை.

ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவரைப் பெற்றவர். நான் போலீசுக்குப் போகாமல் இருக்கத்தான் இவ்வளவு அக்கறையா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள், கதவில்லாத கூடத்துக்கே போய்விடுகிறேன்.

அப்படி இல்லையென்றால் நர்ஸம்மா வீட்டு மாடியே போதும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த இடம் உங்கள் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் இந்த முறை தாடையோடு விடமாட்டார்.

உங்கள் ஒலிபெருக்கி (இப்போது பழுது)


மார்ச் 9

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்தேன். சுவர் பெயர்ந்துவிட்டது. நல்லவேளை நீ பக்கத்தில் இல்லை.

என் இடது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயசுக் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். பொய். உன் மாமனார் அறைந்த அறையில் போனது. காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை ஒழுகியது. உன் புருஷனுக்கு அப்போது நாலு வயது, மேசைக் காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டான், என்னைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டான். அடித்தாலும் சோறு கிடைக்கும் என்று. அன்றைக்கு எனக்கு அறை பார்க்க யாரும் வரவில்லை. அதனால்தான் உனக்குப் பார்க்கிறேன். போதுமா காரணம்?

போலீசுக்குப் போ. நானே சாட்சி சொல்கிறேன். இடத்தை அவனுக்குச் சொல்ல மாட்டேன். நாக்கை அறுத்துப் போட்டாலும் சொல்ல மாட்டேன். நர்ஸம்மாவிடம் சாவி வாங்கிவிட்டேன். கம்பி வெட்டவும் கற்றுக்கொண்டேன், துணி வெட்டுவதைவிடச் சுலபம்.

வாடகையைப் பற்றிப் பேச்செடுத்தால் உன் கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கச் சொல்லிவிடுவேன்.

அத்தை


மார்ச் 18

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறீர்கள். ஆனால் வந்தது முதல் போகிறவரை நீங்களே பேசுகிறீர்கள். நான் சிலேட்டில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கடைசிப் பஸ் வந்துவிடுகிறது. அதனால் இதை உங்கள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

அறை நன்றாக இருக்கிறது. பட்டறையில் விழும் ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் முதலில் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். இப்போது பழகிவிட்டது. பட்டறைக்காரர்கள் நல்லவர்கள். நர்ஸம்மா சொன்னதிலிருந்து நான் தூங்கும் நேரத்தில் தகரம் தட்டுவதில்லை. உங்கள் சூப்பில் உப்பு போதவில்லை. பிளாஸ்க்கின் நீல மூடியைத் துளை வழியாகப் பார்த்ததும் பசிக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த முறை உப்பை அள்ளிக் கொட்டிவிடுவீர்கள்.

புகார் கொடுத்துவிட்டேன்.

திரை தைத்தாயிற்றா? சேர்த்தே கேட்கிறேன், அவர் திரும்பிவிட்டாரா? நீங்கள் அதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 25
ஆஸ்பத்திரி

அத்தை,

மறுபடி வார்டில் இருக்கிறேன். நாளை மறுபடி அறுவை சிகிச்சை. ஒரு தகடு விலகிவிட்டது, விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. போலீஸ்காரம்மா வந்து என்ன நடந்தது என்று கேட்கிறார். எனக்கு முழுசாக ஞாபகம் இல்லை.

ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். கதவு தட்டினார்கள். துளையில் பார்த்தேன், நீல மூடி பிளாஸ்க் தெரிந்தது. நீங்கள்தான் என்று திறந்தேன். அவர் உள்ளே வந்து, நிதானமாகத் திரும்பித் தாழ்ப்பாளைப் போட்டார். வழக்கை வாபஸ் வாங்கு என்றார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு தரைதான் தெரிகிறது.

அந்த பிளாஸ்க் அவர் கைக்கு எப்படி வந்தது?

மருமகள்


மார்ச் 27

மருமகளே,

நான்தான் கொடுத்தேன்.

அவன் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்று. கத்துவான், உடைப்பான் என்று இரும்பாக உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தவில்லை. தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். சாப்பிடவில்லை. "ஒரே ஒரு தடவை வாசல்ல நின்னு பார்த்துட்டு வந்துடறேம்மா. உள்ளகூடப் போக மாட்டேன்" என்றான். நாலு வயதில் அழுத அதே அழுகை. பெற்ற வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இடத்தைச் சொன்னேன். சூப்பையும் கொடுத்து அனுப்பினேன், அவன் கையால் குடிக்கட்டும் என்று. திரையையும் அதை மாட்டும் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சந்தில் திரும்பும்போதே அவன் குரல் கேட்டது. "வாயத் தொறந்து சொல்லுடி! வாபஸ் வாங்கறேன்னு வாயத் தொறந்து சொல்லுடி!" கம்பி கட்டிய வாயைத் திறக்கச் சொல்கிறான். மாடியில் நர்ஸம்மா கதவைக் கைகளால் அடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துப் பார்த்துப் பிடித்த தாழ்ப்பாள், கட்டை விரல் தடிமன். அசையவில்லை. பட்டறையிலிருந்து நாலு பேர் கடப்பாரையோடு ஓடிவந்து கதவைப் பெயர்த்தார்கள்.

உன் முடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தான். நான் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் என் கேட்கிற காதில் தெளிவாகக் கேட்டது. உன்னை விட்டுவிட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்று தோளில் போட்டேன். மூன்றாவதற்கு ஓங்கியபோது பட்டறைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

நீ நீலம் பாய்ந்து கிடந்தாய். வாந்தி மூக்கு வழியாக வந்தது. உன்னைக் குப்புறச் சாய்த்துக் கம்பிகளை வெட்டினேன். அவன் பின்னால் தரையில் கிடந்து, "அம்மா, கை போச்சும்மா, அம்மா" என்று கதறினான். நான் திரும்பவில்லை. நீ மூச்சு விட்ட பிறகுதான் திரும்பினேன்.

இதையெல்லாம் போலீஸ்காரம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். நான் அடித்ததையும் சேர்த்து.

இப்போது அவன் உனக்குக் கீழ்த்தளத்தில், ஆண்கள் வார்டில் கிடக்கிறான். வாசலில் காவல். கையைத் தூக்க முடியாது, நான்தான் ஊட்டிவிடுகிறேன். வெட்கமில்லாமல் ஊட்டிவிடுகிறேன். நேற்று மறுபடி அழுதான். "அவ இனிமே எங்கம்மா போவா?" என்று கேட்டான். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. சொல்ல எந்த இடமும் எனக்குத் தெரியாததால்தான் மூடிக்கொண்டேன்.

புரிகிறதா? அவன் அழுதால் நான் சொல்லிவிடுவேன். நாக்கை அறுப்பேன் என்று எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால். அதனால் இனிமேல் அறை நான் பார்க்க மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் ஏற்பாடு செய்வார். எங்கே என்று எனக்குச் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

உன் அத்தை


ஏப்ரல் 16

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நாள் எழுதவில்லை. முதல் வாரம் கோபம். உங்கள் கடிதத்தைக் கிழித்தேன், பிறகு துண்டுகளைப் பொறுக்கி மறுபடி படித்தேன். உங்கள் வாயால் சாக இருந்தேன், உங்கள் கையால் பிழைத்தேன். இரண்டையும் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கணக்குச் சரியாக வரவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் அடித்தீர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது அடியையும் சேர்த்து.

வேறு அறைக்கு வந்துவிட்டேன். எப்படிப்பட்ட அறை, ஜன்னல் எந்தப் பக்கம், கதவு எப்படி என்று உங்களுக்கு எழுதக் கை துறுதுறுக்கிறது. உங்களைத் தவிர இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? எழுத மாட்டேன். பேருந்து நிலைய வேலையையும் விட்டுவிட்டேன். என் குரல் கேட்டால் அவர் அங்கே வந்துவிடுவார். இந்தக் கடிதத்தை டாக்டரம்மா உங்களிடம் கொடுப்பார். அவருக்கும் நான் இருக்கும் இடம் தெரியாது, வேறொருவர்தான் பார்த்துக் கொடுத்தார்.

நேற்று தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நீங்கள் பிளாஸ்க்கோடு ஆண்கள் வார்டுப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. மூக்கைச் சிந்திச் சிந்தித் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். இவ்வளவு சத்தம் போடுகிற நீங்கள் சத்தமே இல்லாமல் அழுது நான் பார்த்ததில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன். ஓடிவந்து உங்கள் பக்கத்தில் உட்காரத் தோன்றியது. "இதோ, இங்கதான் இருக்கேன் அத்தை, வாங்க போலாம்" என்று சிலேட்டில் எழுதியே விட்டேன். காட்டவில்லை. கையால் அழித்துவிட்டேன்.

அவர் அழுதால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் அழுதால் நான் சொல்லிவிடுவேன். அதனால் இனிமேல் என்னைத் தேடாதீர்கள், அத்தை.

உங்கள் மருமகள்