இடது பெட்டி

ஆரையம்பதி
12.01.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். போனில் கதைத்தால் நாலாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகை வெள்ளம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு வந்து இரண்டு நாள் நின்றது. உங்கள் ஸ்பீக்கர்ப் பெட்டி இரண்டின் அடிப்பலகையும் ஊறிப்போயிற்று. விதுர்ஷா பிறந்த வருடம் கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்த சாமான். அப்போதே முப்பது வயதுப் பெட்டி என்று பெருமையாகச் சொல்வீர்கள். எறிய மனம் வரவில்லை, கழற்றிப் பார்த்தேன். பெரிய கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்சு வளையம், தொட்டதும் உதிர்ந்து கையில் ஒட்டியது. புது வளையம் தான் இருக்கிற கொழும்பிலேயே எடுக்கலாம் என்று மகள் போனில் சொல்கிறாள். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுகிற கைக்கு இதுவும் வராதா?

ஒன்றுதான் கேட்க வேண்டும். கூம்பின் பின்னால் சிவப்பு வயர் எந்த முனைக்குப் போக வேண்டும்? அடையாளம் அழிந்துவிட்டது.

இராசாத்தி


ஓட்டமாவடி
21.01.2025

இராசாத்திக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். அரிசி ஆலையில் வேலை நடக்கிறது. றம்ஸீன் முதலாளி நல்ல மாதிரி.

ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பார். கூம்பு வெளியே தள்ளினால், பற்றரியின் பிளஸ் பட்ட முனைதான் சிவப்புக்கு. உள்ளே இழுத்தால் மாறி.

ஆனால் இவ்வளவு மினக்கெட வேண்டாம். எறிந்துவிடு. இடது பெட்டியைக் கட்டாயம் எறி. அது உன் தம்பி கைவைத்த நாளோடு செத்துப்போனது.

யோகராசா


ஆரையம்பதி
09.02.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

எறியவில்லை.

அடிப்பலகை இரண்டையும் தச்சரைக் கொண்டு மாற்றினேன். முதல் வளையத்தை ஒட்டியபோது மயிரிழை விலகிவிட்டது. பாட்டுப் போட்டதும் தொண்டை கட்டியவர் போல் கரகரத்தது. பிரித்தெடுத்து, சுற்றிவர ஊசி குத்தி அளவு பிடித்து, திரும்ப ஒட்டினேன். முன்பக்கத் துணிக்குக் காத்தான்குடிக்குப் போனேன். மூச்சு ஊடே போகிற துணிதான் சரியாம். கடையில் நின்று ஒவ்வொன்றாக வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று இரண்டையும் போட்டுக் கேட்டேன். இடது பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. வலதில் கேட்கிற மெல்லிய சத்தமெல்லாம் இடதிலும் கேட்கிறது. எனக்குத்தான் தெரியாதாக்கும் என்று தம்பி நிலோஜனைக் கூப்பிட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு படலை தாண்டி வந்தான். மீற்றர் வைத்துப் பார்த்தான். அன்றைக்கு இடது பெட்டியைத் திருத்தும்போது அவன் மாற்றிய சாமானும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் அன்றைக்கு என்ன நடந்தது? "நல்ல சாமானக் கழட்டிக்கொண்டு பழசப் போட்டிட்டாய், கள்ளன்" என்று விதுர்ஷா பார்த்திருக்கத்தானே அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினீர்கள்? மறுகிழமை நீங்களும் வீட்டை விட்டு வெளிக்கிட்டீர்கள். எனக்குக் காரணம் தெரிய வேண்டும்.

இராசாத்தி


ஓட்டமாவடி
04.03.2025

அன்பு இராசாத்திக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று கிழமை இருந்துவிட்டேன்.

நிலோஜனைத் தள்ளிய அடுத்த நாள் நீ கோயிலுக்குப் போயிருந்தாய். நான் பெட்டி இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். நல்ல பெட்டி இடப்பக்கம் வந்ததும் அதுவும் மங்கிப்போயிற்று. மறுகா கதிரையைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி இருந்தேன். இப்போது மற்றது மங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. பிழை பெட்டியில் இல்லை, என் இடது காதில்.

அதற்கு முன்னமே உனக்கு எத்தனை ஏச்சு! குசினியிலிருந்து நீ கூப்பிட்டால் விளங்காது. "வாய்க்குள்ள முணுமுணுக்காத" என்று உன்னைத்தான் ஏசினேன்.

நிலோஜனிடம் போய், "எனக்குக் காது கேக்கல்ல, நீ கள்ளனில்ல" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல். அவன் வீட்டுப் படலை வரைக்கும் போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் இருக்கவும் முடியவில்லை. இங்கே ஆலையில் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள். என் காது ஒருவருக்கும் தெரியாது. இந்த வேலையை அதற்காகத்தான் பிடித்தேன்.

நிலோஜனுக்கு எழுதியதை இதற்குள் வைத்திருக்கிறேன். நீயும் வாசித்துவிட்டுக் கொடு. வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. கேட்கிறேன்.

யோகராசா


ஆரையம்பதி
29.03.2025

விதுர்ஷாவின் அப்பாவுக்கு,

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு நாள் தையல் மெசினில் இருக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் வெட்டியபடியே கிடந்தன.

என்னோடு கதைக்க அலுத்துப்போய்த்தான் நீங்கள் போனீர்கள் என்று ஐந்து வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் கதையில் என்ன பிழை என்று தனியே கதைத்துப் பார்த்தேன். "நான் விளங்காமலா கதைக்கிறன்?" என்று மகளிடமும் கேட்டேன். "இல்லம்மா, வடிவாத்தான் கதைக்கிறீங்க" என்றாள். அவள் எனக்காகச் சொல்கிறாள் என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன். உங்கள் காதில் எனக்குக் கோபம் இல்லை. அது நோய். தெரிந்துகொண்டே என்னை அப்படி நினைக்க விட்டீர்களே, கோபம் அதில்தான்.

நிலோஜன் தன் கடையில் நின்றபடியே உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அத்தான் எழுதினது சரி அக்கா. கள்ளனெண்டு விதுர்ஷாட முன்னாலதான் சொன்னார். இல்லையெண்டும் அவட முன்னால சொல்லட்டும்" என்றான். அவன் கேட்பது நியாயம்.

மகள் சித்திரை வருடப்பிறப்புக்கு 12ஆம் திகதி வருகிறாள். அன்றைக்கு வாருங்கள். நிலோஜனும் வருவான். முதலில் அதைச் சொல்லுங்கள், சாப்பாடு பிறகு. வருடப்பிறப்பு கழித்துக் காது டொக்டருக்கு மட்டக்களப்பில் நம்பர் எடுக்கிறேன். தங்குவதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் தெரியாது.

ஆனால் வந்த பிறகு, நான் சொல்வது கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். ஏச வேண்டாம், சும்மா தலையாட்டவும் வேண்டாம். நான் திரும்பச் சொல்வேன். எத்தனை தரம் என்றாலும் சொல்வேன்.

இராசாத்தி