முள்வால் மாப்பிள்ளையும் என் சம்பந்தியும்

சம்பந்தி,

இன்று காலை கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். வெகுநாளாக அலுமாரிக்கு மேலே கிடந்த பல்பு. அதில் படிந்திருந்த தூசு சூடேறிக் கருகிய மணம் மூக்கில் ஏறியதுமே எனக்கு மருதமுனையும் மறந்துவிட்டது, குஞ்சுகளும் மறந்துவிட்டன. கட்டாரில் நாம் வேலை செய்த வீட்டின் பின்னறை, நீங்கள் குந்தியிருக்கும் பிளாஸ்டிக் முக்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் இருவரையும் ஒரு பொருட்டாகவே எண்ணாமல் சூடு காய்ந்துகொண்டிருந்த அந்தத் துரை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

நீங்கள் போய் ஒரு நோன்பும் பெருநாளும் கடந்துவிட்டன. உங்களோடு கதைக்க வேண்டும் என்று இன்றைக்குப் போல் என்றைக்கும் தோன்றியதில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என் மகளைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் நல்ல பிள்ளை, மகளுக்கும் விருப்பம். ஒரேயொரு விஷயத்தில்தான் எல்லாம் சிக்கி நிற்கிறது. நான் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய இந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தை மாப்பிள்ளையின் பெயரில் எழுத வேண்டுமாம். பெண்ணுக்கு வீடு கொடுப்பது, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து வாழ்வது, உறுதி பெண்ணின் பெயரில் இருப்பது, இதெல்லாம் நீங்களும் நானும் பிறக்க முன்பே உள்ள வழக்கம். உங்கள் ஆலையடிவேம்பிலும் அதுதான், எங்கள் மருதமுனையிலும் அதுதான். இவர்களுக்கு மட்டும் புதிதாக ஒரு கௌரவம் முளைத்திருக்கிறது.

நேற்று என் காக்கா வந்து, "விட்டுக் குடு தங்கச்சி. ஆர்ர பேர்ல இரிந்தா என்ன? இரிக்கப் போறது ரெண்டு பேரும்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருடைய பெயரில் இருந்தால் என்ன என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் நீங்களும் நானும் கட்டாரில் வளர்த்த ஓந்தியின் கதையை அண்ணனுக்குச் சொன்னால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரைக் கூட்டிவிடுவார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊரில் இருந்திருந்தால், அக்கரைப்பற்று பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் இருந்துவிட்டு ஒரு வார்த்தை கதைக்காமல் இறங்கிப் போயிருப்போம். அந்நிய நாட்டில் ஒரே குசினியில் வேலைக்காரிகளாக விழுந்ததால் நீங்கள் எனக்கு அக்காவானீர்கள். வீட்டுக்கார மேடத்தின் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது, தான் வளர்த்த பிராணியை நம் இருவர் தலையிலும் கட்டிவிட்டுப் போனாள். அரபியில் ளப்பு என்பார்கள். முழங்கை நீளம், தட்டையான தலை, வால் முழுக்க வளையம் வளையமாக முள். நாம் அதை உடும்பில் ஒரு சாதி என்றே முடிவு கட்டினோம். உடும்பென்றால் முட்டை தின்னாதா? அவித்த முட்டையைப் பிட்டு வைத்தோம். அதுவும் தின்றது. அடுத்த நாள் வயிற்றால் போய் அறையே நாறியது. மேடத்தின் மகள் தொலைபேசியில் கத்தினாள். இலையும் பூவும் பருப்பும் தவிர வேறெதையும் காட்டக் கூடாதாம். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம விரதக்காரனுக்கு முட்டையக் குடுத்திட்டமே புள்ள" என்றீர்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு வீட்டு ஞாபகம் கொஞ்சம் குறைந்தது.

அதன் பிறகு அவனை நாம் படித்துக்கொண்டோம். அவனுடைய கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு, மறுபக்கம் நிழல். காலையில் கறுப்பாக எழும்பி வருவான், சூடு ஏற ஏற மஞ்சளாக வெளுப்பான். மூக்கோரம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துச் சளி என்று பயந்து, பிறகு அது உப்பு என்று அறிந்தோம். தோட்டத்துச் செவ்வரத்தம் பூவைக் காட்டினால் கையில் வாங்கித் தின்பான். நீங்கள்தான் துரை என்று பெயர் வைத்தீர்கள். அந்த வீட்டில் நம்மிடம் வேலை வாங்காத ஒரே ஆம்பிளை அவன்தான் என்றும் சொன்னீர்கள்.

பிறகு அதே சாதியில் ஒரு பெண் வந்தாள். துரைக்குத் துணை வேண்டும் என்று மேடத்தின் மகள் எங்கிருந்தோ சொல்லி அனுப்பியிருந்தாள். சின்ன உடம்பு, மண் நிறம். "பெரிய பெட்டி இருக்கிறதே, அதற்குள் விடுங்கள்" என்றார் மேடம். விட்டோம். துரை உடம்பை ஊதிக்கொண்டு தலையை ஆட்டினான். அடுத்த கணம் அவளுடைய பிடரியைக் கவ்விக்கொண்டு மண்ணில் அடித்தான். அவள் ஓடிய மூலையெல்லாம் அவனுடைய மூலை. ஒளிந்த கல்லெல்லாம் அவனுடைய கல். நீங்கள் வெறுங்கையை உள்ளே விட்டு அவளை அள்ளி எடுத்தீர்கள். அவன் உங்கள் விரலைக் கவ்வினான். கத்தாமல் நின்று, அவனாக விட்ட பிறகுதான் கையை இழுத்தீர்கள்.

மேடம் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் விடுங்கள், பழகிவிடும் என்றார். வாசலில் நின்ற டிரைவரும் பழகிவிடும் என்றான். நீங்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டே, உங்களுக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், மாட்டேன் என்றீர்கள். அந்த வீட்டில் நம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததேயில்லை. மேடத்துக்குக் கோபம் வருவதற்குள், "செத்தா மகள் அழுவா, எனக்கு நேரம் தாங்க, நான் சேத்துக் காட்டுறன்" என்று அதையும் பாதி அரபி பாதி சைகையில் சொல்லி முடித்தீர்கள்.

அன்று மத்தியானம் கீரை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். "தாய் தகப்பன் இல்லாத எனக்கு ஆரு புள்ள வீடு தாற? அவர்ட வீட்டுக்குத்தான் கட்டிப் போன. சண்ட எண்டா ரெண்டு பேரும்தான் சண்ட பிடிப்பம். ஆனா வெளியில போறது நான் மட்டும். வீடு அவர்டதானே. மழைக்கும் நான்தான் வெளிய." நீங்கள் அழவில்லை. கீரையை உதறி வைத்துவிட்டு, "என்ட மகளுக்கு அவள்ற பேர்ல ஒரு வீடு. அதக் கட்டாம நான் சாகமாட்டன். இந்தக் குட்டியையும் அவன்ட இடத்துல திரும்பப் போட மாட்டன்" என்றீர்கள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது, பகிடிதான் வரும். "அப்ப ஊர்ல செய்யிற மாதிரிச் செய்வம் அக்கா. மாப்பிள்ளையப் பொண்ணுட வீட்டுக்கு எடுப்பம்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். இரண்டு பேரும் கீரையைப் போட்டுவிட்டு எழும்பினோம்.

களஞ்சிய அறையில் கிடந்த பழைய மீன் தொட்டியைக் கழுவி அவளுக்கென்று ஒரு வீடு செய்தோம். அவளுக்கு மட்டும் ஒரு பல்பு, ஒரு கல், ஒரு ஒளிப்பிடம். காயம் ஆறி, அவள் பயமில்லாமல் கல்லில் ஏறிப் படுத்து, பூவைத் தேடி வரும்வரை நீங்கள் யாரையும் கிட்ட விடவில்லை. மேடம் இடையிடையே வந்து இன்னுமா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு துரையின் மணலில் ஒரு தட்டு அள்ளிவந்து அவள் பெட்டியில் தூவினோம், மணம் பழகட்டும் என்று. "மாப்பிள்ள வீட்டுக்காரரும் கொஞ்சம் சீதனம் தரட்டும்" என்றீர்கள்.

அவள் அந்த மணலில் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு அசையாமல் படுத்திருந்த அன்று, எனது பழைய சால்வையில் துரையைச் சுற்றித் தூக்கிவந்தேன். எதிர்மூலையில் இரண்டாவது பல்பு, இரண்டாவது தட்டு எல்லாம் தயார். இறக்கிவிட்டேன். சம்பந்தி, அந்த ஆளின் முகத்தை நீங்களும் பார்த்தீர்களே! ஊதவில்லை, தலை ஆட்டவில்லை. விட்ட இடத்திலேயே நின்று மண்ணை நக்கினான். மெல்ல அவளை நோக்கி நடந்தான். அவள் கல்லை விட்டு இறங்கவேயில்லை. திரும்பி வாலால் ஒன்று கொடுத்தாள், நேரே மூஞ்சியில். துரை பின்வாங்கி, தனக்கென்று வைத்த மூலைக்குப் போய்ப் படுத்தான். "இப்ப விளங்கிச்சா தம்பிக்கு?" என்று கேட்டு நீங்கள் கண்ணாடியில் தட்டினீர்கள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. கொஞ்ச நேரம் விட்டு எடுப்போம், மறுநாள் இன்னும் கொஞ்சம். சில நாள் முறைத்துக்கொண்டன. ஆனால் பிடரியைப் பிடிக்கும் புத்தி அவனுக்கு அந்தப் பெட்டிக்குள் வரவில்லை. கடைசியில் ஒரு பகல், இரண்டும் ஒரே கல்லில் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துப் படுத்திருந்தன. பெண் வீட்டுக்காரி நீங்கள், மாப்பிள்ளையைத் தூக்கி வந்தவள் நான். அன்றைக்கு நீங்கள் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டீர்கள். நானும் அப்படியே கூப்பிட, அக்கா அதோடு போய்விட்டது.

நீங்கள் சொன்னபடியே ஊருக்கு வந்து மகளின் பெயரில் வீட்டைக் கட்டினீர்கள். யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத அறையில் கண்ணை மூடினீர்கள். செத்த வீட்டில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. இந்த முஸ்லிம் பொம்பிளை ஆர் என்று அங்கே இரண்டு பேர் கேட்டார்கள். சம்பந்தி என்றேன். விளங்காமல் பார்த்தார்கள்.

இவ்வளவும் அசருக்கு முன்னர் எழுதியது. அவர்கள் வந்து போய்விட்டார்கள். மீதியை இப்போது எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் உம்மா தேநீரைக் கையில் எடுத்தவுடனே விஷயத்துக்கு வந்தார். உறுதி எப்போது எழுதுவது, எந்த நொத்தாரிசிடம் போவது என்று கேட்டார். காக்கா என்னைப் பார்த்தார். உங்கள் துணி சுற்றிய விரலை நினைத்துக்கொண்டேன்.

"உறுதி மகள்ற பேர்ல எழுதியாச்சி. அது மாறாது" என்றேன்.

"அப்ப எங்கட மகன் என்ன, வாடகைக்கு வாறவனா?"

"இல்ல. மாப்பிள்ள. அவருக்கு இந்த வீட்டுல ஒரு குறையும் வராது. ஆனா சண்ட வந்தா வெளியில போறது என்ட மகளா இரிக்காது."

காக்கா இருமினார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினார்கள், கோப்பைகளில் தேநீர் பாதிக்கு மேல் இருந்தது. கேட்டைச் சாத்திவிட்டு வந்தபோது மகள் அறை வாசலில் நின்றாள். "அவங்க வராட்டி உம்மா?" என்று கேட்டாள். "வராட்டியும் வீடு உன்டதான் மகள்" என்றேன். அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. சொன்னால் என் வாக்கு இளகிவிடும் என்று பயமாக இருந்தது. நீங்கள் அந்த மேடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நின்றீர்களே, அதே போல் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர் மகளின் போன் அடித்தது. பையன்தான். அவள் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டாள். அவன் சலாம் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"உங்கட உம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்க, அங்க இரிக்க வந்தா என்ட பைக்க எங்க விடுற எண்டு."

நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள், சம்பந்தி. உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே சிரித்தேன். பிறகு வாசலுக்குப் போய், எந்த இடம் கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டு வந்தேன்.