வேலந்தாவளத்து வெயிலில் தோற்ற வல்கன்

உன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, ஃபேனுக்கு நேராக புளோயரைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன். தூசியோடு ஏலக்காய் வாசமும் கிளம்பிக் கடை முழுக்கப் பரவியது. மாசி மாதத்து மத்தியானம், வேலந்தாவளத்தில், தகர ஷீட் போட்ட கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் ஏலக்காய். ரீசார்ஜ் செய்ய வந்த அம்மா ஒருவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, உள்ளார பாயசம் காச்சறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஒரு சிநேகிதனோட லேப்டாப்புங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் போன பிறகு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம்தான் உன் தங்கை ஸ்டெல்லா இதைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றிப் பார்சல் அனுப்பியிருந்தாள். "இங்கன யாருக்கும் இத வச்சு ஒண்ணும் செய்யத் தெரியலண்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். கம்பம்மெட்டில் உங்கள் வீட்டு முன்னறையில் அவள் ஏலக்காயைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். நீ பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தபடி இதை மடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பாய். அந்தத் தூசியைத்தான் இது உள்ளே இழுத்து இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது.

பாலிடெக்னிக் ஹாஸ்டலில் நாம் ஒரே அறை. நான் வடகரப்பதியில் விவசாயம் பார்க்கும் காட்டுக்காரர் வீட்டுப் பையன், நீ எஸ்டேட் பையன். முதல் நாளே என் பேச்சைப் பிடித்துக்கொண்டாய். "உங்க ஊர்ல எருமைகூட 'ங்க' போட்டுத்தான் கத்துமா மாப்ள?" என்று கேட்டு அறையையே சிரிக்க வைத்தாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை? படிப்பு முடிந்ததும் நான் கடை போட்டேன். நீ மலைக்குப் போய் ஜீப் எடுத்தாய். விடியற்காலையில் கம்பத்தில் ஏலக்காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவாய், சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்புவாய். "டிப்ளமா படிச்சிட்டு ஜீப்பா?" என்று கேட்டேன். "ஜீப்பு மேல ஏறணும்னாலும் கணக்கு தெரியணும் மாப்ள" என்றாய்.

அதன் பிறகு வருடக்கணக்கில் நமக்குள் பேச்சு அதிகமில்லை. என் போன் சுபாவம் உனக்குத் தெரியும். கோளாறு இருந்தால் கூப்பிடுவேன், தீர்ந்தால் வைத்துவிடுவேன். நலம் விசாரிக்கவென்று ஒருவரைக் கூப்பிடுவது எனக்கு ஏதோ அடுத்த வீட்டுக் கதவைக் காரணமில்லாமல் தட்டுவதுபோல் கூச்சமாக இருக்கும். நீ கூப்பிட்டால் மட்டும் பேசுவேன்.

உன் தலைக்குள் கட்டி என்று தெரிந்ததும், ஆபரேஷன் முடிந்ததும், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் நீயாகக் கூப்பிட்டுச் சொன்னவைதான். ஓட்டுவது கிடக்கட்டும், வளைவில் ஜீப் திரும்பினாலே உனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உன் ரோடு, அதில் உன்னால் போக முடியாது. அப்போதுதான் ஒரு ஜீப் ஓட்டும் கேமில், சொந்தமாக ரோடு போட்டுக்கொள்ள அதிலேயே வசதி இருப்பதைப் பார்த்துவிட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வரைக்குமான மலைப்பாதையை ஞாபகத்திலிருந்தே போட ஆரம்பித்தாய். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும், ரோட்டோரப் பாறைகளும், நடுவில் ஒரு வளைவில் சிலுவை நட்டிருக்கும் குருசடியும், அதில் எரியும் மெழுகுவத்தியும்கூட வந்தன. குருசடி வளைவில் மஞ்சு, நீங்கள் மூடுபனிக்குச் சொல்லும் பெயர், இறங்கிவிட்டால் ஜீப்காரர்கள் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தலையை வெளியே நீட்டி, மேலிருந்து லாரிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள் என்று சொன்னாய். கண்ணை நம்ப முடியாத இடத்தில் காதை நம்புகிற பழக்கம். கேமிலும் அந்த இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பாய்.

ஆனால் மஞ்சு வந்ததும் படம் வெட்டி வெட்டி ஓடியது. பழைய லேப்டாப், வினாடிக்கு இருபது படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியவில்லை. படம் வெட்டினால் உனக்குத் தலை சுற்றி வாந்தி. ஐந்தாவது வளைவு தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுவாய். "கீழ இருந்து மேல வரைக்கும் ஒருவாட்டி ஏறிறணும் மாப்ள. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று சொன்னபோது உன் குரல் எப்போதும்போல் விளையாட்டாக இல்லை. இதோ ஒரு கோளாறு, நான் சரிசெய்யக்கூடிய கோளாறு. அன்றிலிருந்து தினமும் உன்னைக் கூப்பிட்டேன்.

கேமின் செட்டிங்ஸில் நான்கு பெயர்கள் இருந்தன: ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் லெவன், டைரக்ட்எக்ஸ் டுவெல்வ், வல்கன். இதில் எதை வைப்பது என்று கேட்டாய். கேம், தான் வரைய வேண்டியதை கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லியனுப்பும் வழிகள்தான் இவை, வழியைப் பொறுத்து வேகம் மாறும் என்றேன். நீ உடனே அதை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்விட்டாய். "அப்ப கங்காணி மாதிரி. பழைய கங்காணி ஒவ்வொரு ஆளாப் பேரு சொல்லிக் கூப்பிட்டு வேலை குடுப்பான், மத்தவுக நின்னுக்கிட்டு இருப்பாக. புதுக் கங்காணி காலையிலயே நாலு பேரு கையில லிஸ்ட்டக் குடுத்துருவான். அம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல வேலை ஓடும். சரியா?" சரிதான். நான் வாடிக்கையாளர்களுக்குப் பத்து வருடமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை நீ ஒரு மூச்சில் சொல்லிவிட்டாய். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதே மாடல் லேப்டாப் ஒன்று கடையில் இருந்தது. உன் ரோட்டை வாங்கி அதில் ஏற்றினேன். சித்திரை மாதம். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வராது என்பதால் அந்த நேரத்தில்தான் சோதனை. ஓப்பன்ஜிஎல் மஞ்சில் திணறியது. டைரக்ட்எக்ஸ் லெவன் இருபத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. டுவெல்வ் அந்தப் பழைய சிப்பில் திறந்ததும் தானாகவே மூடிக்கொண்டது. வல்கன் முதல் தடவை ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் நின்று நின்று போனது. அது அதன் சுபாவம். மரம், பாறை, மஞ்சு என்று எதை முதலில் பார்த்தாலும் அதை வரைவதற்குத் தன்னைத் தயார்செய்து, அந்தத் தயாரிப்பை ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து நிற்காது. இரண்டாவது தடவை ஐம்பதைத் தொட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடம் பொதுக்கென்று பதினைந்துக்கு விழுந்தது. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அப்படியே.

"வல்கன் உனக்கு ஆகாது. லெவன்லயே வெச்சுக்க. மஞ்சை மட்டும் பாதியாக் கொறைச்சுரு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"மஞ்சு இல்லாட்டி அது எங்க ரோடு இல்லடா. அங்கன ஓடலன்னா இங்கனயும் ஓடாதா?"

"என்றா பேசற? பத்து வருசமாக் கடை வெச்சிருக்கறவன் நானா, நீயா? நாஞ் சொன்னாக் கேளு."

"சரி மாப்ள" என்றாய். நீ அவ்வளவு லேசில் சரி சொல்லுகிறவனா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிந்தைய வாரங்கள் எனக்கு ஒரே மத்தியானமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. ஸ்பீக்கரில் உன் குரல், திரையில் உன் ரோடு, தலைக்கு மேல் தகரம் சூட்டில் படபடவென்று விரியும் சத்தம். நிழலைக் குறை, தூரத்து மரத்தை எடு என்று தினம் ஒன்று சொல்வேன். செய்து பார்த்துவிட்டு, "ஆறாவது வளைவு வரைக்கும் போனேன், முடியல" என்பாய். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். ஜீப்பில் வரும் பெண்களில் ஒருத்தி குருசடி வந்ததும் பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவாள் என்பாய். மஞ்சுக்கென்று ஒரு வாசம் உண்டு, ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி இருக்கும் என்பாய். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைக்கு வெளியே மாங்காய் லோடு ஏற்றிய லாரி போனால்கூட அது மேலிருந்து இறங்கி வருவதாகத் தோன்றி, ஒதுங்கி நிற்கப் பார்ப்பேன். ஒரு நாள் அம்மா எதிரில் வந்து நின்று, "ஏங் கண்ணு, சோத்துப் போசி ஆறிப்போச்சு, நீ என்ன உக்காந்துட்டே தூங்கற?" என்று உலுக்கினாள்.

ஆடி மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி, கம்பத்தில் ஜீப் ஏறினேன். அந்த ரோட்டுக்கு நான் வருவது அதுவே முதல் தடவை. ஆனால் எல்லாம் பார்த்த இடம். "அடுத்தது குருசடிங்களா?" என்று நான் கேட்டதும் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சு இறங்கியிருந்தது. அவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தலையை வெளியே நீட்டினார். நானும் நீட்டினேன். எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். நான் ரோட்டில் இருக்கிறேனா, கடை நாற்காலியில் இருக்கிறேனா என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை.

நீ பாதியாகிப் போயிருந்தாய். தலையில் ஸ்டெல்லா பின்னிய குல்லாய். நேராக லேப்டாப்பைக் கையில் எடுத்தேன். கிணற்று மேட்டுக் கல்போல் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு உள்ளங்கையில் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. வல்கன் சிப்பை முழு மூச்சில் வேலை வாங்கும். அதனால் சூடும் ஏறும். சித்திரை வெயிலில், தகர ஷீட்டுக்குக் கீழே, சூடு தாங்காமல் என் கடை லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. தோற்றது வல்கன் இல்லை, என் ஊர் வெயிலில் வைத்துச் சோதித்த நான். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் 'சூடானா ஸ்லோ ஆகுங்க' என்று சொல்லுகிற எனக்கு அது தோன்றவில்லை. உன் மலைக் குளிரில் அது முதல் நாளே ஓடியிருக்கும். மூன்று மாதத்தை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். உனக்கு இருந்ததே அவ்வளவுதான் என்று அந்த முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "புது டிரைவர் சாப்ட்வேர் வந்திருக்குடா, போட்டுட்டு வல்கன்ல வெச்சுப் பாக்கலாம்" என்று புளுகினேன். எதையோ ஏற்றுவதுபோல் நாலைந்து ஜன்னல்களைத் திறந்து மூடினேன். "நீ சொன்னாச் சரி மாப்ள" என்றாய்.

நீ ஏறினாய். முதல் வளைவிலிருந்தே வெண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. மஞ்சு முழுதாக இருந்தது. குருசடியில் நிறுத்தி, அணைத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கேட்டாய். முன்னறையில் ஸ்டெல்லாவும் முறத்தை அசைக்காமல் நின்றாள். கடைசி வளைவும் போய், டீக்கடையும் செக்போஸ்ட்டும் மஞ்சுக்குள்ளிருந்து மெல்லத் துலங்கி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏறிட்டேன் மாப்ள. நீ வராட்டி ஏறியிருக்க மாட்டேன்." நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து, "நாந்தான் சொன்னனில்ல" என்று பெருமையாகச் சொன்னேன். எதைச் சொன்னேன்? வெட்கக்கேடு.

இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய்.

ஏலக்காய் வாசம் கிளம்பிய அன்றே ஃபேனைத் துடைத்து, மூடியைப் போட்டு, லேப்டாப்பை எழுப்பினேன். உன் ரோட்டைத் திறக்க மனம் வரவில்லை. பழக்கதோஷத்தில், வல்கன் தன் தயாரிப்பை எழுதி வைக்கும் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஆடியில் உருவாகியிருக்க வேண்டும். தேதி சித்திரையைக் காட்டியது. நான் தீர்ப்புச் சொன்ன மறுநாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆடியில் நான் வந்திருந்த அன்று உன் வீட்டில் வல்கன் ஒரு வளைவில்கூடத் திணறி நிற்கவில்லை. முதல் தடவை ஓடுகிற வல்கன் நிற்காமல் போகவே போகாது. சந்தோஷத்தில் அதைக்கூட நான் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உடனே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, நான் வர்றதுக்கு முன்னாடியே அவன் மேல வரைக்கும் ஏறிட்டானா?"

"ஆமாண்ணே. ஈஸ்டர் கழிஞ்சு, ஒரு நாள் காலையில. அப்பறம் தெனமும் ஏறுச்சு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாமுன்னு சொல்லிருச்சு."

"எதுக்காம்?"

"'கோளாறு தீந்துருச்சுன்னா அவென் போன் பண்ண மாட்டான் ஸ்டெல்லா, கெடக்கட்டும்'னுச்சுண்ணே."

அவள் போனை வைத்த பிறகும் நான் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆறாவது வளைவு வரைக்கும் போனேன், முடியல என்று நீ தினமும் சொன்னாயே. முழு ரோடும் ஏறி இறங்கிவிட்டு வந்து, என் குரலுக்காகத் தினமும் ஆறாவது வளைவில் எனக்காக நின்றிருக்கிறாய். உன்னைப் போய்க் கோளாறு இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தேனே, என்னை என்னவென்று சொல்வது?

மூன்று நாள் கழித்து, இன்று காலை, மறுபடியும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே, "என்னண்ணே, லேப்டாப்புல எதும் கோளாறா?" என்றாள்.

"இல்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.

வைத்துவிடத் துடித்த விரலை அடக்கிக்கொண்டேன். அவள், காலையிலிருந்தே மஞ்சு விலகவில்லை என்றும், காய் உலராமல் கிடக்கிறது என்றும் சொல்லத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டே இருந்தேன்.