நீ வாசித்த கடிதம்

தம்பிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் வாசிகசாலை வகுப்பில் பழகிய எழுத்து. இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. என் முதற்கடிதம் உனக்குத்தான்.

என் நாயின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திப் பரிசோதித்த மிருக வைத்தியர், பொங்கலுக்கு முன் முடிவைத் தபாலில் அனுப்பினாரே, அதை நீதான் எனக்கு வாசித்தாய். "புற்றுநோயாம் அண்ணை. ஊசி போட்டு முடிச்சுவிடட்டாம்" என்று சால்வையால் கண்ணையும் துடைத்தாய். இரண்டு முறை அவனைச் சங்கிலியில் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, வாசற்படலை தாண்ட மனம் வராமல் திரும்பினேன்.

நேற்று அந்தக் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். புற்றுநோய் உண்மைதான். ஆனால் மெதுவாக வளரும் வகையாம். இப்போது மருந்தே தேவையில்லையாம். மாதாமாதம் கட்டியை அளந்து பார்த்து, சாப்பாடு குறைந்தால் குளிசை தொடங்கலாமாம். சில வருடம் இருப்பானாம்! முடித்துவிடச் சொல்லி ஓரிடத்திலும் இல்லை. நான்கு தரம் தேடினேன்.

உன்னை ஒருமுறை கடித்ததற்காக, படிக்காத அண்ணனின் கையாலேயே அவனைக் கொல்லப் பார்த்தாயடா.

நூல் பிடித்து அளந்தேன். கட்டி அதே பாக்களவுதான். மீன்தலை முழுவதையும் தின்றுவிட்டு என் காலடியில் கிடக்கிறான். இந்தப் பக்கம் வராதே, அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறேன்.

எழுதாததையும் வாசிக்கத் தெரிந்தவன் நீ. இதில் எழுதியிருப்பதை மட்டும் வாசி. அவன் உயிரோடு இருக்கும்வரை கிழமைக்கு ஒரு கடிதம் உனக்கு வரும். அடுத்த கிழமையும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உனக்கு மூத்தவன்